இதயத்துக்கு ஒரு மாற்றுப்பாதை: சிறு காயச் சத்திரசிகிச்சையும் எங்கள் பெண்களும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நான் கடைசியாக ஏறியது பேச்சுப் போட்டிக்காக. பாதியில் மறந்துபோய், அழுதுகொண்டே இறங்கினேன். அதனால் இன்று தாளில் எழுதிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

எதைப் பற்றிப் பேசுவது என்று சங்கத்தினர் என்னையே தெரிவுசெய்யச் சொன்னார்கள். எங்கள் வகுப்புத் தோழிகளின் வட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்த்தேன். பத்து வருடங்களுக்கு முன்னர் அங்கே பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினோம். இப்போது யாருக்கு அஞ்சியோகிராம், யாருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள் என்று பேசுகிறோம். ஒருவர் இலண்டனிலிருந்தும் இன்னொருவர் வவுனியாவிலிருந்தும் கேட்டது ஒரே கேள்விதான்: “நெஞ்சைப் பிளக்காமல் இப்ப பைபாஸ் செய்யலாமாமே, உண்மையோ?” இன்றைய உரை அந்தக் கேள்விக்கான பதில்.

நான் சத்திரசிகிச்சை நிபுணர் அல்ல. இதய சத்திரசிகிச்சைக் கூடத்தில் நோயாளியின் தலைமாட்டில் நிற்கும் மயக்க மருந்து வைத்தியர். கத்தி பிடிப்பவரின் கையையும் படுத்திருப்பவரின் முகத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய இடம் அது. அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

அதற்கு முன் என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான்; விடுதியில் தங்கிப் படித்தவர். 2004ஆம் ஆண்டு, ஏ9 பாதை திறந்திருந்த காலம். கோயிலுக்கு நடந்து போகும்போது களைக்கிறது, தாடை இழுக்கிறது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவரைக் கொழும்புக்குக் கூட்டிச்சென்று அஞ்சியோகிராம் செய்தார்கள். அதுவரைக்கும் அது வாய்வு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மூன்று நாடிகளில் அடைப்பு. பைபாஸ் செய்யவேண்டும் என்றார்கள். பெரியம்மா மாட்டேன் என்றுவிட்டார்.

நான் அப்போது இங்கிலாந்தில் பயிற்சியில் இருந்தேன். தொலைபேசியில் பேசினேன். “என்ர நெஞ்சைப் பிளக்க விடமாட்டன் பிள்ளை” என்றார். நான் படித்ததையெல்லாம் ஒப்புவித்தேன். நூற்றுக்கு இத்தனை பேர் தப்புவார்கள், செய்யாவிட்டால் இத்தனை பேர் போவார்கள் என்று கணக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உனக்கு வேலை இருக்கும், போனை வை” என்றார். அடுத்த வருடம் பங்குனியில் ஒரு விடியற்காலை, பின்வளவில் விழுந்து கிடந்தார். அவரைப் பற்றிப் பிறகு எனக்குத் தெரியவந்த ஒன்றை இந்த உரையின் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது விடயத்துக்கு வருவோம்.

உயிரியல் படித்தவர்களுக்கு முடியுருநாடி என்ற சொல் ஞாபகமிருக்கும். இதயத்தின் மேல் ஒரு முடியைப்போலச் சுற்றிக்கிடப்பதால் வந்த பெயர். உடல் முழுவதற்கும் குருதியைத் தள்ளிக் கொடுக்கும் இதயத்துக்குத் தன் சொந்தத் தசைக்கான குருதி இந்த நாடிகளினூடாகத்தான் வரவேண்டும். இவற்றின் உள்விட்டம் பெரும்பாலும் இரண்டு, மூன்று மில்லிமீற்றர். தைக்கும் இடத்தில் சில வேளைகளில் ஒன்றரை மில்லிமீற்றர்தான். பெண்களுக்குப் பொதுவாக இன்னும் ஒடுக்கம். உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி ஒடுங்கினால், நடக்கும்போதும் மாடிப்படி ஏறும்போதும் இதயத் தசை குருதிக்குத் தவிக்கிறது. முழுதாக அடைபட்டால் மாரடைப்பு.

அடைப்பு ஓரிரு இடங்களில் இருந்தால், கையிலோ தொடையிலோ உள்ள நாடியினூடாக ஒரு மெல்லிய குழாயை அனுப்பி ஸ்டென்ட் வைக்கலாம். பல நாடிகளில் அடைப்பு, அதனுடன் நீரிழிவு, அல்லது இடது பக்கத்து முக்கிய நாடியிலேயே சிக்கலான அடைப்பு என்றால் பைபாஸ்தான் பெரும்பாலும் நீண்டகாலத்துக்கு நல்லது. வீதி உடைந்த இடத்தைத் திருத்தாமல் பக்கத்தால் ஒரு மாற்றுப்பாதை போடுவதுபோல, அடைப்புக்கு அப்பால் ஒரு புதிய குழாயைத் தைத்துவிடுகிறார்கள். அந்தக் குழாய் உங்கள் உடம்பிலிருந்தே எடுக்கப்படுகிறது. நெஞ்செலும்பின் உட்புறமாக ஓடும் உள்மார்பு நாடி முதன்மையானது. காலிலிருந்து எடுக்கும் நாளம், முன்கையிலிருந்து எடுக்கும் நாடி ஆகியவையும் பயன்படும்.

வழமையான முறையில் நெஞ்செலும்பை மேலிருந்து கீழ்வரை வாளால் அறுத்துத் திறக்கிறார்கள். காயம் இருபது சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கும். இதயத்துக்கு வரும் குருதியை ஒரு இயந்திரத்துக்குத் திருப்பி, ஒட்சிசன் கலந்து, உடம்புக்கு அனுப்புகிறார்கள். பெருநாடிக்குக் கவ்வி போட்டு, பொட்டாசியம் நிறைந்த திரவத்தைக் கொடுத்து இதயத்தை நிறுத்துகிறார்கள். தைத்து முடிந்ததும் இதயம் மறுபடியும் துடிக்கத் தொடங்கும். எத்தனையோ தடவை பார்த்திருந்தாலும் அந்த முதல் துடிப்புக்கு இன்றும் என் கை ஒரு கணம் நிற்கும். பிறகு எலும்பை உருக்குக் கம்பியால் கட்டி மூடுகிறார்கள்.

அந்த இதய நுரையீரல் இயந்திரத்தின் கதையில் ஒரு பெண் இருக்கிறார். அமெரிக்க வைத்தியர் ஜோன் கிப்பன் 1930களில் இந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டபோது, ஆய்வுகூடத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்று வருடக்கணக்காக உழைத்தவர் அவருடைய மனைவி மேரி. 1953 மே 6ஆம் திகதி, பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண்ணொருவரின் இதயத்திலிருந்த துவாரத்தை அந்த இயந்திரத்தின் துணையோடு கிப்பன் மூடினார். இயந்திரத்தைக் கொண்டு வெற்றியாக முடிந்த முதல் இதய சத்திரசிகிச்சை அதுதான்.

பலர் அறியாத இன்னொரு விடயமும் உண்டு. சிறு காயம், துடிக்கும் இதயம் என்பவை புதியவை அல்ல. 1964 பெப்ரவரி 25ஆம் திகதி, அன்றைய லெனின்கிராட் நகரில் வசீலி கொலேசொவ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், இடதுபக்க விலா எலும்புகளுக்கு இடையால் உள்ளே சென்று, இயந்திரம் எதுவுமின்றி, துடித்துக்கொண்டிருந்த இதயத்தில் உள்மார்பு நாடியை முடியுருநாடியுடன் தைத்தார். 1967இல் ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த ரெனே பவலோரோ, அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் கால் நாளத்தைக் கொண்டு பைபாஸ் செய்து காட்டினார். நெஞ்செலும்பைத் திறந்து, இதயத்தை நிறுத்தி, அசையாத இடத்தில் நிதானமாகத் தைக்கும் முறையை எல்லாராலும் கற்றுக்கொள்ள முடிந்தது. உலகம் அந்த வழியில் போனது. கொலேசொவின் வழி ஒதுங்கிப்போனது.

ஆனால் இயந்திரத்துக்கும் ஒரு விலை உண்டு. குருதி பிளாஸ்ரிக் குழாய்களினூடாக ஓடும்போது உடம்பு முழுவதும் ஓர் அழற்சி எழுகிறது. பெருநாடியில் சுண்ணாம்பு படிந்த வயதானவர்களுக்குக் கவ்வி போடும்போது அதில் துகள் பெயர்ந்து மூளைக்குப் போனால் பாரிசவாதம் வரலாம். அதனால் 1980களில் ஆர்ஜென்ரீனாவில் பெனற்றியும் பிரேசிலில் புவோலோவும் இயந்திரமின்றித் தைக்கும் முறைக்கு மறுபடியும் உயிர் கொடுத்தார்கள். இயந்திரத்தின் செலவைத் தாங்கமுடியாத நாடுகளுக்கு அது ஒரு தேவையாகவும் இருந்தது.

துடிக்கும் இதயத்தில் எப்படித் தைப்பது? எங்கள் மனையியல் கூடத்தில் பூத்தையல் பழகிய நாள்களை நினைத்துப் பாருங்கள். துணியை மரவளையத்துக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வளையத்துக்கு உள்ளே இருக்கும் இடத்தில் மட்டும் ஊசி ஏற்றுவோம். வெளியே துணி எப்படி ஆடினாலும் கவலையில்லை. இதயத்திலும் அதைத்தான் செய்கிறார்கள். 1990களின் நடுப்பகுதியில் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில், உறிஞ்சு குமிழ்கள் பொருந்திய ஒரு கருவியை உருவாக்கினார்கள். அதற்கு ஒக்டோபஸ் என்றே பெயர். தைக்கவேண்டிய சிறிய இடத்தை அது பற்றிப் பிடித்துக்கொள்ளும். மற்றப் பகுதியெல்லாம் துடித்துக்கொண்டிருக்கும். நூல் தலைமயிரை ஒத்தது. உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நாடியின் வாயைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு தையல் போடுவார்கள். ஒரு தையல் பிழைத்தால் பாதை அடைபடும்.

அடுத்த படி, எலும்பை அறுக்காமல் உள்ளே போவது. இத்தாலியில் கலபியோரே, நியூயோர்க்கில் வளவனூர் சுப்பிரமணியம் போன்றவர்கள் 1990களில் இதை முறைப்படுத்தினார்கள். இடது மார்பின் கீழே, விலா எலும்புகளுக்கு இடையில், ஐந்து முதல் எட்டு சென்ரிமீற்றர் வரையான ஒரு வெட்டு. பெண்களுக்கு மார்பின் கீழ்மடிப்பிலேயே அதைப் போடலாம். ஆறிய பிறகு பார்த்தால் தெரியாது. அந்த வழியால் உள்மார்பு நாடியைப் பிரித்தெடுத்து, இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் முக்கிய நாடியுடன் இணைக்கிறார்கள். இந்த ஒரு இணைப்புத்தான் பைபாஸின் உயிர். பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் பத்தில் ஒன்பது பேருக்கு இது திறந்தே இருக்கும். கால் நாளங்களோ அந்தக் காலத்துக்குள் ஏறக்குறையப் பாதி அடைபட்டுவிடும்.

கைதேர்ந்த நிலையங்களில் இதே சிறு வெட்டினூடாக இரண்டு மூன்று நாடிகளுக்கும் பைபாஸ் செய்கிறார்கள். சில இடங்களில் முன்பக்க நாடிக்குச் சிறு வெட்டால் பைபாஸ் செய்துவிட்டு, மற்றவற்றுக்கு ஸ்டென்ட் வைக்கிறார்கள். 1998இல் பாரிசில் ரொபோக் கரங்களின் துணையோடு, சிறு துளைகளினூடாக மட்டுமே ஒரு பைபாஸ் செய்து முடித்தார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு மூலையில் திரையைப் பார்த்துக்கொண்டு கைகளை அசைக்க, நோயாளியின் நெஞ்சுக்குள் கருவிகள் அசையும். செலவு மிகுந்த முறை. எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

காலிலும் இதுபோல ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பு நாளத்தை எடுக்கக் கணுக்காலிலிருந்து தொடைவரை கிழிப்பார்கள். நெஞ்சுக் காயம் ஆறிய பிறகும் கால் வீங்கி, சீழ் கட்டி, மாதக்கணக்காக அவதிப்பட்ட நீரிழிவுக்காரர்களை எனக்குத் தெரியும். இப்போது முழங்காலுக்கு அருகில் சிறிய வெட்டொன்று போட்டு, கமெரா பொருத்திய குழாயால் நாளத்தை எடுத்துவிடலாம். பெரிய ரொபோ எதுவும் தேவையில்லாத இந்த ஒரு முன்னேற்றமே பலருக்குப் பெரிய ஆறுதல்.

என் இடத்திலிருந்து பார்ப்பதையும் சொல்லவேண்டும். காயம் சிறிதென்றால் சத்திரசிகிச்சையும் சிறிதென்று நினைக்காதீர்கள். சிறு வெட்டால் வேலை செய்ய இடம் வேண்டுமென்பதற்காக இடது நுரையீரலைச் சுருங்கவிட்டு, வலது நுரையீரலால் மட்டும் மூச்சைக் கொடுக்கிறேன். சத்திரசிகிச்சை நிபுணர் பின்பக்க நாடியைப் பார்க்க இதயத்தைச் சரிக்கும்போது குருதி அமுக்கம் சடாரென்று விழும். கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்துவேன், மருந்து கொடுப்பேன். போதாவிட்டால் “இதயத்தைத் திரும்ப வையுங்கள்” என்பேன். அவர் உடனே வைப்பார். ஒருவரையொருவர் அறிந்த குழு இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது. சில வேளைகளில் இடைநடுவில் இயந்திரத்தைப் பூட்டவேண்டியும், நெஞ்செலும்பைத் திறக்கவேண்டியும் வரும். அது தோல்வி அல்ல, பாதுகாப்பு. ஆனால் அப்படி நேரலாம் என்பதை நோயாளிக்கு முதல்நாளே சொல்லியிருக்கவேண்டும்.

நோவைப் பற்றியும் ஒரு உண்மை. விலா எலும்புகளை அகற்றிப் பிடிப்பதால், முதல் சில நாள்களில் சிறு காயம் பெரிய காயத்தை விடக் கூடுதலாக நோகலாம். விலா நரம்புகளுக்கு விறைப்பு ஊசி போட்டு அதைச் சமாளிக்கிறோம். ஆனால் எலும்பு ஒட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வழமையான முறையில் எலும்பு பொருந்த இரண்டு மூன்று மாதம் செல்லும். அதுவரை பாரம் தூக்கக்கூடாது, கையை ஊன்றி எழும்பக்கூடாது, கார் ஓட்டக்கூடாது. சிறு காயக்காரர்கள் சில வாரங்களிலேயே தங்கள் வேலைகளுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நூற்றில் ஒருவர் இருவருக்கு நெஞ்செலும்பில் ஆழமான கிருமித்தொற்று ஏற்படுவதுண்டு. நீரிழிவும் உடற்பருமனும் உள்ள பெண்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூட. எலும்பை அறுக்காவிட்டால் அந்தப் பயம் இல்லை.

அப்படியென்றால் எல்லாருக்கும் இதையே செய்யலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் நிதானம் வேண்டும்.

இயந்திரத்தோடு செய்வதா, இல்லாமல் செய்வதா என்பதைப் பெரிய ஆய்வுகள் ஒப்பிட்டுப் பார்த்தன. 19 நாடுகளில் 4752 பேரைச் சேர்த்துச் செய்த கொரனறி ஆய்வில், ஐந்து வருடங்களின் பின் இரண்டு முறைக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகளில் 2203 பேரிடம் செய்த ரூபி ஆய்வில், ஒரு வருடத்தின் பின் திறந்திருந்த பாதைகள் இயந்திரத்தோடு செய்தவர்களில் 87.8 வீதம், இல்லாமல் செய்தவர்களில் 82.6 வீதம். ஐந்து வருடத்துக்குள் இறந்தவர்கள், இயந்திரத்தோடு செய்தவர்களில் 11.9 வீதம், இல்லாமல் செய்தவர்களில் 15.2 வீதம். அதாவது, துடிக்கும் இதயத்தில் தைப்பது அதில் நன்கு பழகிய கைகளுக்கு ஒரு நல்ல ஆயுதம். பழகாத கைகளுக்கு அது நோயாளியின் செலவில் ஒரு பரிசோதனை.

கால் நாளத்தைக் கமெராவால் எடுப்பது பற்றி 1150 பேரிடம் செய்த ரீகுரூப் ஆய்வு 2019இல் வெளிவந்தது. பின்னால் மாரடைப்போ மரணமோ கூடவில்லை. கால் காயத் தொல்லைகள் குறைவாகவே இருந்தன.

இப்போது இந்த மண்டபத்துக்கு முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். ரூபி ஆய்விலும் ரீகுரூப் ஆய்விலும் பங்குகொண்டவர்கள் ஏறக்குறைய அனைவரும் ஆண்கள். முன்னாள் படைவீரர்கள் என்றால் வேறென்ன எதிர்பார்க்கலாம்? கொரனறி ஆய்விலும் ஐந்தில் ஒருவர் அளவுதான் பெண்கள். எங்களுடைய ஒடுங்கிய நாடிகளுக்கும், எங்களுடைய எலும்புத் தேய்வுக்கும், எங்களுடைய மார்பின் பாரம் இழுக்கும் காயத்துக்கும் எது நல்லதென்று பெரும்பாலும் ஆண்களின் உடம்பைப் பார்த்துத்தான் முடிவுசெய்திருக்கிறோம். பைபாஸ் செய்துகொள்ளும் பெண்களுக்கு ஆண்களைவிடச் சத்திரசிகிச்சை ஆபத்துக் கூட என்பது நீண்டகாலமாகத் தெரிந்த விடயம். பெண்களை மட்டுமே சேர்த்துச் செய்யப்படும் பைபாஸ் ஆய்வு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, உங்களில் யாராவது வைத்தியராகவோ புள்ளிவிபரவியலாளராகவோ வந்தால், இந்த வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது.

பெண்களுக்கு ஆபத்துக் கூடுவதற்கு ஒடுங்கிய நாடி மட்டும் காரணமல்ல. நாங்கள் பிந்தி வருகிறோம். நெஞ்சுநோ எங்களுக்கும் வரும். ஆனால் பல பெண்களுக்கு மூச்சுவாங்கல், காரணமில்லாத களைப்பு, தாடையிலும் முதுகிலும் நோ, ஓங்காளம், வியர்வை என்றும் வரும். வீட்டிலுள்ளவர்கள் வாய்வு என்பார்கள். நாங்களும் அதையே நம்பிக்கொள்வோம். கணவனுக்கு நெஞ்சு நோகிறதென்றால் நள்ளிரவில் வாகனம் பிடிக்கும் அதே பெண், தனக்கு நோகும்போது விடியட்டும், சமைத்துவைத்துவிட்டுப் போவோம் என்று இருப்பாள். இப்படிப் பிந்தி வருபவர்களுக்குச் சிறு காய முறை பெரும்பாலும் பொருந்தாது. அவசரமாகச் செய்யவேண்டியவர்களுக்கும், இதயம் மிகவும் பலவீனப்பட்டவர்களுக்கும், நுரையீரல் கெட்டவர்களுக்கும், நாடி முழுநீளத்துக்கும் சேதப்பட்டவர்களுக்கும் பழைய முறையே பாதுகாப்பு. இடது மார்பில் புற்றுநோய்க்காகக் கதிர்ச்சிகிச்சை பெற்றவர்களும் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லவேண்டும். உள்மார்பு நாடி பாதிக்கப்பட்டிருக்கலாம். நுரையீரல் நெஞ்சுச்சுவருடன் ஒட்டியிருக்கவும் கூடும்.

ஆகவே வட்ஸ்அப்பில் கேட்ட தோழிகளுக்கு என் பதில்: ஆம், நெஞ்செலும்பைப் பிளக்காமல் பைபாஸ் செய்யலாம். எல்லாருக்கும் அல்ல, எல்லா இடத்திலும் அல்ல. எங்கள் அரச வைத்தியசாலைகளில் பைபாஸ் இலவசமாகச் செய்யப்படுகிறது. யாழ்ப்பாணத்திலும் இதய சத்திரசிகிச்சை நடைபெறுகிறது. காத்திருப்போர் பட்டியல் நீளம். சிறு காயத்துக்காகக் கடன்பட்டு வெளிநாடு போகலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, நல்ல கையால் பழைய முறையில் நேரத்துக்குச் செய்த பைபாஸ், பழகாத கையால் பிந்திச் செய்த சிறு காயத்தைவிட எவ்வளவோ மேல் என்பதுதான்.

உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ பைபாஸ் என்று சொன்னால் நான்கு கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முதலாவது, முன்பக்க நாடிக்கு உள்மார்பு நாடியைப் பயன்படுத்துவீர்களா? இரண்டாவது, எனக்குச் சிறு காய முறை பொருந்துமா, பொருந்தாவிட்டால் ஏன்? மூன்றாவது, இந்த முறையில் வருடத்துக்கு எத்தனை பேருக்கு நீங்கள் செய்கிறீர்கள்? நான்காவது, காலிலிருந்து நாளத்தை எப்படி எடுப்பீர்கள்? நல்ல சத்திரசிகிச்சை நிபுணர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். காயத்தின் நீளத்தைக் கடைசியாகக் கேளுங்கள். உள்ளே போட்ட தையல்தான் இருபது வருடம் உங்களோடு இருக்கப்போகிறது.

பெரியம்மாவுக்கு வருகிறேன். அந்தியேட்டி முடிந்து சில நாள்களின் பின் பக்கத்து வீட்டு அக்கா எனக்குச் சொன்னார். “மூண்டு மாசத்துக்கு வாளி தூக்கேலாது எண்டு டொக்டர் சொன்னவராம். அப்ப ஆர் எனக்குத் தண்ணி அள்ளுறது, ஆர் ஆட்டுக்குக் குழை முறிக்கிறது எண்டு கேட்டவ. உங்களுக்குச் சொன்னா லீவு போட்டிட்டு வந்து நிப்பியள் எண்டுதான் சொல்லேல்ல.”

பெரியம்மா தனியாக இருந்தவர். அவர் பயந்தது வாளுக்கு அல்ல, கிணற்றடிக்கு. நெஞ்சைப் பிளக்க விடமாட்டேன் என்று அவர் சொன்னதை நான் அறியாமை என்று எடுத்துக்கொண்டேன். வைத்தியம் படித்தவள் நான், “ஏன் பெரியம்மா?” என்ற ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. மூன்று நாடியில் அடைப்பும் நீரிழிவும் இருந்த அவருக்கு அன்றிருந்த சிறு காய முறை பொருந்தியிருக்குமா என்றால், பெரும்பாலும் இல்லை. பழைய முறைதான் செய்திருப்பார்கள். ஆனால் மூன்று மாதத்துக்குத் தண்ணீர் அள்ள ஒரு ஆளை ஒழுங்குசெய்திருந்தால் அவர் சம்மதித்திருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன். ஒரு நீர்ப்பம்பி பூட்டிக்கொடுத்திருந்தாலே போதும்.

அன்றிலிருந்து, சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் மாலை ஒவ்வொரு நோயாளியையும் பார்க்கப்போகும்போது, குருதி அமுக்கத்தையும் பல்லையும் மூச்சுக்குழாயையும் பார்த்த பிறகு இதையும் கேட்கிறேன்: வீட்டுக்குப் போனதும் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? பெண்கள் பலர் அந்தக் கேள்விக்குத்தான் முதல் தடவையாக வாய் திறக்கிறார்கள். பேரப்பிள்ளையைத் தூக்கலாமா, குளிக்க யார் வார்ப்பது, படுத்த படுக்கையிலிருக்கும் கணவனை யார் புரட்டுவது என்று கேட்கிறார்கள். சிறு காயம் யாருக்கு உண்மையில் தேவை என்பது அந்தப் பதில்களிலிருந்துதான் எங்களுக்கு விளங்குகிறது.

எங்கள் சங்கத்துக்கு நூறு வயது. கட்டடம் கட்டினோம், புலமைப்பரிசில் கொடுத்தோம். இந்த நூற்றாண்டில் இன்னொன்றையும் செய்யலாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஊரில் தனியாக இருக்கும் எங்கள் மூத்த மாணவிகளின் பெயர்களை ஒவ்வொரு கிளையும் எழுதிவைத்துக்கொள்ளட்டும். ஒருவர் சத்திரசிகிச்சைக்குப் போனால், மூன்று மாதத்துக்குத் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் ஒருவரை ஒழுங்குசெய்வோம். மெல்பேணிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்கள் பணத்தால் உதவலாம். இங்கே இருப்பவர்கள் காலால் உதவலாம்.

இளைய பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. அம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ நெஞ்சு இறுகினால், அல்லது மூச்சுவாங்கி வியர்த்துக் களைத்தால், ஓமத்தண்ணீர் தேடி ஓடவேண்டாம். 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்களுக்குத்தான் நான் இதுவரை பேசிய எல்லா வழிகளும் திறந்திருக்கும்.

இந்த மேடையில் அன்று பாதியில் நிறுத்திய பேச்சை இன்று முடித்துக்கொள்ள இடம் தந்த என் பள்ளிக்கூடத்துக்கு நன்றி.